நாலு விதமான இல்லை

1972 ஒக்டோபர் 3

இன்று பட்டறைக்கு ஒரு பெட்டி வந்தது. ஜப்பான் எஞ்சின், இரண்டு சிலிண்டர் டீசல். சீவரத்தினத்தின் வள்ளத்துக்கு. பெட்டியை உடைத்ததும் எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள். நான் அதில் தொங்கிய ஜப்பான் எழுத்து அட்டைகளைப் பார்த்தேன். நாலு அட்டை. மூன்றைப் புத்தகம் பார்க்காமல் வாசித்தேன். நாலாவது பிழைத்துவிட்டது. 'எண்ணெய் சரியில்லை' என்று வாசித்தேன். 'எண்ணெய் இல்லை' என்பதுதான் சரி. கப்பலில் ஏற்றமுதல் கியர்ப்பெட்டி எண்ணெயை வடித்துவிட்டு அட்டை கட்டியிருக்கிறார்கள்.

சரியில்லை வேறு, இல்லை வேறு. இது கூடப் பிடிபடாவிட்டால் என்ன படிப்பு?

டிசெம்பரில் கொழும்பில் சோதனை. பாஸ் பண்ணினால் ஒரு வருடம் ஜப்பானில், எஞ்சின் செய்கிற தொழிற்சாலையிலேயே பயிற்சி. இலங்கை முழுவதற்கும் இரண்டே இடம். எஞ்சினைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இருநூறு எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம். எழுத்து என்பதும் பிழை, ஒவ்வொன்றும் ஒரு சொல். மற்றதெல்லாம் மண்டையில் நிற்கிறது. இந்த இல்லைகள்தான் வழுக்குகின்றன.

ஒக்டோபர் 4

எழுதிவைத்தால் மறக்காது. 不 மேலே சட்டம் அடித்த முக்காலி. நன்றாயில்லை, அப்படியில்லை என்று அர்த்தம். 無 மீன் வாட்டுகிற கம்பித்தட்டு, கீழே நாலு நெருப்புப்பொறி. வாட்டி முடிந்தது, மிச்சம் ஒன்றுமில்லை. 非 நடுவால் பிளந்த மீன்முள். அதுவல்ல, அதற்குப் புறம்பு. 'வழமையல்லாதது' என்று இதை வைத்துத்தான் எழுதுகிறார்கள், ஆபத்துக் கதவுகளில்.

கடைசி 未. மரம் என்ற எழுத்துக்கு மேலே ஒரு குட்டைக் கோடு. இன்னும் இல்லை. இதிலே ஒரு பேய்வேலை இருக்கிறது. அந்த மேற்கோட்டைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் 末 ஆகிவிடும். அதற்கு அர்த்தம் முடிவு. அவ்வளவுதான் வித்தியாசம், கோடு குட்டையா நீளமா என்பது. எந்த விசரன் இப்படி ஒன்றை யோசித்தானோ.

பக்கீர் பார்த்துவிட்டான். சாமான் அறைக்குப் பொறுப்பு அவன், யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து தினமும் பஸ்ஸில் காங்கேசன்துறைக்கு வருகிறான்.

"ஒரு இல்லைக்கு நாலு எழுத்தோ? உவங்கடை ஊரிலை பொம்பிளை கேக்கப் போறவன் பாவம் மச்சான். எந்த இல்லை எண்டு பிரிச்சுப் பாக்கிறதுக்குள்ளை அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்."

ஒக்டோபர் 6

அக்கா கடைக்கு அனுப்பினாள். "உப்பு நிறைஞ்சு போச்சு, வாங்கிக்கொண்டு வா." முடிந்தது என்று சொல்லமாட்டாள். இல்லை என்றும் சொல்லமாட்டாள். போத்தல் வெறுமையாய் இருக்கிறது, அதற்குப் பெயர் நிறைவு. இந்த வீட்டில் இருந்துகொண்டு நான் நாலு இல்லை படிக்கிறேன்.

ஒக்டோபர் 11

மயிலிட்டிக் கரையில் சீவரத்தினத்தின் வள்ளம் இறக்கினார்கள். எஞ்சினைப் பூட்டியது நான். அதனால் நிற்கவேண்டி வந்தது.

எஞ்சினில் கைவைத்த பிறகு வள்ளம் இறக்குவதென்றால் எங்கள் கரையில் ஒரு வழக்கம். எஞ்சினுக்குச் சந்தனம் வைத்ததிலிருந்து வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் தேசிக்காய் வெட்டும்வரை இல்லை என்ற சொல் எவர் வாயிலும் வரக்கூடாது. வெட்டமுதல் வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டி எல்லோரையும் பார்த்து "நிறைவோ?" என்று கேட்பார். கரையில் நிற்கிற எல்லோரும் "நிறைவு" என்று சொல்ல வேண்டும். எது இருந்தாலும், எது இல்லாவிட்டாலும்.

சீவரத்தினம் கேட்டார். எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் விட நேற்றுப் பின்னேரம் ஒரு பெடியனிடம் சொன்னேன். அவன் விட்டதை நான் பார்க்கவில்லை.

"இல்லை" என்றேன். "நில்லுங்கோ. கியர்ப்பெட்டியிலை எண்ணெய் இல்லை."

ஏறித் திறந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எண்ணெய் விட்டேன். அந்த நேரம் முழுக்க ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் அரை மணித்தியாலத்தில் கியர்ப் பல்லெல்லாம் உதிர்ந்திருக்கும். நன்றி சொல்லவேண்டாம், ஒரு தலையாட்டலாவது? சீவரத்தினம் வேறு தேசிக்காய் எடுத்து வெட்டினார். முதல் காயைக் கடலில் எறிந்தார், நான் நின்ற பக்கம் பார்த்து.

ஒக்டோபர் 14

சீவரத்தினத்தின் வள்ளத்தில் வலை இழுக்கும்போது ஒருவனுக்குக் கை கயிற்றில் அகப்பட்டு இரண்டு விரல் போய்விட்டது. எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாம்.

விரலுக்கும் கியர்ப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஒக்டோபர் 17

சம்பந்தம் இருக்கிறதாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. இரண்டு சம்மாட்டிமார் பட்டறை முதலாளி முத்துக்குமாருவிடம் வந்து, தங்கள் வள்ளத்தில் நான் கைவைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உனக்குப் படிப்பு இருக்கு. வாய்க்குப் பூட்டுத்தான் வேணும்."

"எண்ணெய் இல்லாமல் ஓடட்டும் எண்டு விட்டிருக்க வேணுமோ?"

"அதையும் வேறை மாதிரிச் சொல்லலாம். எண்ணெய் விட்டால் நல்லது எண்டு சொல்லலாம்."

பக்கீர் எனக்குப் பட்டம் வைத்துவிட்டான். இல்லை எஞ்சினியர். சாமான் அறைக் கதவில் சோக்கால் எழுதியும் இருந்தான். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒக்டோபர் 29

நூற்று நாற்பது எழுத்து. 未யும் 末உம் இன்றைக்கும் மாறியது.

சீமெந்துத் தொழிற்சாலைப் புகை இவ்வளவு நாளும் கடல் பக்கம் சாய்ந்திருந்தது. இன்று நேரே நின்றது. காற்று திரும்பப் போகிறது.

நவம்பர் 2

அத்தானின் வள்ளத்தில் தண்ணீர்ப் பம்பு போய்விட்டது. கடல்தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கிற பம்பு. அது நின்றால் எஞ்சின் சூடேறி இறுகும், பிறகு கடவுள் வந்தாலும் சுழற்ற முடியாது. நல்லகாலம், கரைக்குக் கிட்ட வைத்துப் போனது.

புதுப் பம்புக்கு எங்கே போவது? அரசாங்கம் இறக்குமதியை நெரித்துப் பிடித்திருக்கிறது. கொழும்பு ஏஜென்ட் கையில் கிடந்த மூன்றை அனுப்புவதாகத் தந்தி அடித்திருக்கிறான்.

அத்தான் தம்பிஐயா பட்டறைக்கு வந்து பலகையில் குந்திக்கொண்டு பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்தால் பட்டறை வேலை நின்றுவிடும். அம்மாவும் ஐயாவும் இல்லாத வீட்டில் என்னை வளர்த்தது அக்கா. படிக்கக் கொழும்புக்கு அனுப்பியது அவர். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. "யப்பான்காரா" என்று கூப்பிடுவார், அவ்வளவுதான்.

நவம்பர் 6

பம்புகள் வந்தன. தீபாவளிக்கு மறுநாள், பட்டறையில் பாதிப் பேர் இல்லை.

மூன்று பம்பு, மூன்று அட்டை. முதலாவதில் சிவப்பு முத்திரை: பார்த்தது, சரி. இரண்டாவதில் முக்காலி எழுத்து: பழுது. பழுதென்று தெரிந்தும் அனுப்பியிருக்கிறான், கள்ளன். மூன்றாவதில் 未. இன்னும் பரிசோதிக்கவில்லை.

இன்று எனக்கு ஒரு எழுத்தும் மாறவில்லை. மூன்றையும் ஒரே பார்வையில் வாசித்தேன். அதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

சரியான பம்பை முதலாளி சீவரத்தினத்துக்குக் கொடுத்துவிட்டார். கைக்காவலுக்கு வேண்டுமென்று முதலே சொல்லிவைத்தவராம். "அவருக்கு இப்ப தேவையில்லையே" என்றேன். "அண்டைக்கு நீ செய்த வேலைக்கு அந்த மனுசனை நான் எப்பிடிச் சமாளிக்கிறது?" என்றார்.

அப்படியென்றால் அத்தானுக்கு மூன்றாவது. அதை ஒரு பகல் முழுக்க உப்புத்தண்ணீர்ப் பீப்பாவில் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். அத்தான் வள்ளம் இறக்க நாளை மறுநாளுக்கு நாள் வைத்துவிட்டார். புதன்கிழமை பின்னேரம். அதை விட்டால் இரண்டு கிழமைக்கு நல்லநாள் இல்லை, அதற்குள் வாடைக்காற்று பிடித்துவிடும்.

நவம்பர் 7

பட்டறையில் பின்னேரம்வரை கரண்ட் இல்லை. வந்த பிறகு பம்பைப் பீப்பாவில் ஒரு மணித்தியாலம் ஓட்டினேன். நன்றாய் ஓடியது. நன்றாய் ஓடியதுதான் தொந்தரவு. சத்தம் போட்டிருந்தால் கழற்றி எறிந்திருப்பேன்.

பூட்டிவிட்டு ஒரு அட்டையில் தமிழில் எழுதிப் பம்பில் கட்டினேன்: இன்னும் பார்த்து முடியவில்லை. முதலாளி கண்டுவிட்டு அவிழ்த்துக் கையில் கசக்கினார். "சந்தனம் வைக்கிற எஞ்சினிலை இல்லை எண்ட சொல்லைக் கொண்டுவந்து கட்டுறியோ? அதுவும் சொந்த அத்தானுக்கு?"

வீட்டுக்கு வந்து அத்தானிடம் நேரே சொன்னேன். அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், பம்பை முழுக்கப் பாக்கேல்லை."

"பழுதோ?"

"பழுது எண்டு சொல்லேல்லை. பாக்கேல்லை எண்டு சொல்லுறன்."

"அப்ப பழுதில்லை."

"அதுவும் சொல்லேல்லை."

"எட யப்பான்காரா, வெட்டாத மாம்பழத்துக்குள்ளை புழு எண்டு சொல்லுவியோ?"

"புழு இல்லை எண்டும் சொல்லமாட்டன். ஒரு நாள் பொறுங்கோ. வியாழக்கிழமை இறக்குங்கோ."

அவர் சிரித்தார். "வியாழன் சதுர்த்தி. நாளைக்குப் போட்டு வந்தவுடனை கழட்டித் தாறன், நீ ஒரு கிழமைக்கு வைச்சுப் பார்."

அக்கா குசினிக்குள் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். அவர் கோயிலுக்குப் போனதும் வெளியே வந்தாள். "கனகு, நாளைக்கு நீ வரவேணும். வராட்டி அதையும் ஒரு கதையாக்குவாங்கள். ஆனால் அண்டைக்கு மாதிரி வாயைத் திறவாதை. என்னைப் பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன்.

நவம்பர் 8

சொல்லிவிட்டேன்.

வள்ளத்தில் போனது அத்தான், பேதுரு, இன்னும் இரண்டு பேர். பேதுரு அணியத்தில் சிலுவை போட்டான், அத்தான் எஞ்சினுக்குச் சந்தனம் வைத்தார், இரண்டும் அந்த வள்ளத்தில் வழமைதான். அக்கா செம்போடு நின்றாள். கரையில் இருந்த ஆட்கள் என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். முதலாளியும் வந்திருந்தார்.

"நிறைவோ?" என்றார் அத்தான். எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவர் கத்தியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பகிடிக்குத்தான். "யப்பான்காரா, உன்னைத்தான். நிறைவோ?"

கரை முழுக்க என் வாயைப் பார்த்தது. அக்கா செம்பைப் பார்த்தாள்.

"நிறைவு" என்றேன்.

தேசிக்காய் இரண்டாய் விழுந்தது. எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. சீவரத்தினம்கூட வந்து என் தோளில் தட்டினார். வள்ளம் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சீரான சத்தம். ஒரு குறையும் இல்லை.

ஒரு சொல்தானே. எல்லோரும்தான் சொன்னார்கள்.

நவம்பர் 9

காலையில் மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. தொழிற்சாலைப் புகை ஊர்ப் பக்கம் சாய்ந்துகிடக்கிறது. முற்றத்து வாழையிலையெல்லாம் சாம்பல் நிறம். வாடை பிடித்துவிட்டது.

அத்தான் வரவில்லை.

நவம்பர் 9, பின்னேரம்

இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். காலையில் எழுதியது பிழை.

நவம்பர் 10

கடல் பாலாய்க் கொதிக்கிறது. ஒரு வள்ளமும் இறக்க முடியாது. திருச்சி றேடியோவில் காற்று இன்னும் கூடும் என்கிறார்கள். அக்கா இரண்டு தரம் கரைக்குப் போய் வந்தாள். வந்து அவருக்குச் சோறு போட்டு மூடிவைத்தாள். என்னோடு கோபமில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருக்கிறது. ஏசினால் நல்லது.

பம்பு எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கும்? ரப்பர் பழையதாய் இருந்திருந்தால்? பெட்டிக்குள்ளேயே காய்ந்திருந்தால்? ஒரு நாள் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஒரு நாள். சதுர்த்தியாம். சதுர்த்திக்குப் பம்பு தெரியுமோ? எனக்குத் தெரிந்ததே — தெரிஞ்சும் சொன்னனே. சீவரத்தினத்தின்ரை எண்ணெய்க்கு வாய் திறந்தவன், அத்தானுக்கு ஏன் மூடினான்? ஆருக்குப் பயந்து?

நவம்பர் 12

காற்று கொஞ்சம் அடங்கியது. சீவரத்தினம் தேடப் போனார். போகமுதல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "எஞ்சினுக்கு ஆள் வேணும். ஏறு." தேசிக்காய், சந்தனம் ஒன்றுமில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நிறைவோ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் தெரியாது.

போகப் போக ஒன்றும் இல்லை. தண்ணீர், தண்ணீர். பின்னேரம் திரும்பும்போது ஒரு வலை மிதப்பைக் கண்டோம். அத்தானின் குறி — மூன்று பச்சைக்கோடு. அதோடு கொஞ்ச வலை. கயிறு அறுந்திருக்கவில்லை, கத்தியால் வெட்டியிருக்கிறது.

"தம்பிஐயா தானே வெட்டியிருக்கிறான்" என்றார் சீவரத்தினம். "காத்து வாறதைக் கண்டு, வலை போனாலும் போகட்டும் எண்டு வெட்டிப்போட்டு ஓடியிருக்கிறான். அப்ப எஞ்சின் வேலை செய்திருக்கு." கயிற்று நுனியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், "இல்லாட்டி எஞ்சின் நிண்டு, வலைப்பாரம் இழுக்குது எண்டு வெட்டினானோ."

இரண்டும் பொருந்துகிறது. அந்தக் கயிற்றை எத்தனை தரம் பார்த்தாலும் இரண்டும்தான் பொருந்துகிறது.

இல்லாட்டி என்று அவர் வாயாலும் இல்லை வந்ததை அவரே கவனிக்கவில்லை.

நவம்பர் 15

சுங்கக் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. கோடியக்கரையில் நாலு பேரோடு ஒரு வள்ளம் ஒதுங்கியிருக்கிறதாம். நாலு பேர்! அக்கா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அந்த மனுசனுக்குக் கொடுத்தாள். அரைவாசியை அவர் காலில் ஊற்றிவிட்டாள். சிரித்தாள்.

நவம்பர் 17

அது வேறு வள்ளம். 非. அதுவல்ல.

நவம்பர் 21

அக்கா என் பயிற்சித்தாள்களைக் கூட்டி அள்ளும்போது ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"உது ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டில்லை." சொல்லியே ஆகவேண்டும், சோதனை வருகிறது என்றுகூட அப்போது நினைக்கவில்லை, வாய் தானாய்ப் போனது. "இது மேலை குட்டைக்கோடு. இன்னும் இல்லை எண்டு அர்த்தம். இது மேலை நீளக்கோடு. முடிவு."

நெடுநேரம் பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து நீட்டினாள். "குட்டைக்கோட்டை எனக்கு இந்தக் கதவிலை எழுதித் தா."

குசினிக் கதவின் உள்பக்கம் பெரிதாய் எழுதினேன். மேற்கோட்டை எழுதும்போது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "காணும். அதுக்கு மேலை இழுக்காதை."

நவம்பர் 30

புகையிலும் கை பட்டும் எழுத்து அழிகிறது. காலையில் எழும்பியதும் அதன்மேல் கரியால் திரும்ப எழுதுகிறாள். மேற்கோட்டுக்கு மட்டும் விரலால் அளவு வைக்கிறாள். அயலில் ஒருத்தி வந்து இது என்ன கோலம் என்று கேட்டாளாம். "தம்பியின்ரை யப்பான் எழுத்து. வருவார் எண்டிருக்கு" என்று சொல்லியிருக்கிறாள்.

அப்படி அதில் இல்லை. நான் திருத்தவில்லை.

டிசெம்பர் 8

சோதனைக்குப் போகப்போவதில்லை என்று பக்கீரிடம் சொன்னேன். அவன் பகிடி விடவில்லை. ஒரு மாதமாய் விடுவதில்லை. கதவிலிருந்த சோக் எழுத்தையும் அழித்துவிட்டான்.

"போகாமல் இங்கை இருந்து என்ன செய்யப்போறாய்? உன்ரை அக்காவுக்குப் பக்கத்திலை இருந்து அந்தக் கதவைப் பாக்கப்போறியோ?"

"ஓம்."

"விசரா. உன்னைப் படிப்பிச்சது ஆர்? அந்த மனுசன் வந்தால் என்ன கேக்கும்? வராட்டியும் அதைத்தான் கேக்கும்."

வராட்டி. அவன் ஒருவன்தான் அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சொன்னவன்.

டிசெம்பர் 14, கொழும்பு

பதினேழு பேர் வந்திருந்தார்கள். அட்டை அட்டையாய்க் காட்டினார்கள். எஞ்சின் அறை அறிவிப்புகள், பெட்டி அட்டைகள். 未யும் 末உம் பக்கத்துப் பக்கத்தில் வந்தது. எனக்கு முன்னால் நின்றவன் மாற்றி வாசித்தான். நான் மாற்றவில்லை. இனி ஒரு காலமும் மாறாது.

டிசெம்பர் 26

நேற்றுக் கிறிஸ்மஸ். பேதுரு வீட்டில் விளக்குக்கூட வைக்கவில்லை. இன்று வேதக்கோயிலில் அவனுடைய ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். அவன் பெண்சாதி கறுப்பு உடுத்தியிருந்தாள். மற்ற இரண்டு வீடுகளிலும் செய்யவேண்டியதைச் செய்துவிட்டார்கள். அக்கா பூசைக்குப் போனாள், பொட்டோடு. பேதுருவின் பெண்சாதி அவள் பொட்டையே பார்த்தாளாம்.

வந்து அத்தானுக்குச் சோறு போட்டு மூடிவைத்தாள்.

1973 ஜனவரி 14

பொங்கல். பானை பொங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெப்ரவரி 9

கடிதம் வந்தது. இரண்டு பேரில் நான் ஒருவன். ஏப்ரல் நடுவில் கப்பல்.

முதலாளி வடை வாங்கிக் கொடுத்தார். பக்கீர் என்னைத் தூக்கிச் சுற்றினான், முதுகு பிடித்துக்கொண்டது அவனுக்கு. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வீட்டிலிருந்து இன்னொரு ஆள் கடலில் ஏறுகிறான் என்று எப்படிச் சொல்வது?

பெப்ரவரி 22

சீவரத்தினத்தின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். கரையில் சந்தனம், தேசிக்காய், எல்லாம் வழமைபோல. "நிறைவோ?" என்று கேட்டார். எல்லோரும் சொன்னார்கள். பிறகு அவர் கத்தியைக் கீழே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"இல்லை" என்றேன். "எரிபொருட் குழாய் இன்னும் இறுக்கிப் பாக்கேல்லை."

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முதலாளி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏறி, இறுக்கி, எஞ்சினை ஓட்டி, நிறுத்தி, திரும்ப இறுக்கி முடியும்வரை எல்லோரும் வெயிலில் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் வெட்டினார்.

இது நவம்பரில் நடந்திருக்கலாம்.

மார்ச் 18

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டு அரிசி புடைத்தாள். "எவ்வளவு காலம்?" "ஒரு வருசம்." "அங்கை குளிராமே." அவ்வளவுதான்.

கதவில் எழுத்து இருக்கிறது. காலையில் எழுதியது. மேற்கோடு அதே குட்டை.

ஏப்ரல் 2

பம்பு பழுதானதா, காற்றுத்தானா? பெட்டியில் தொங்கிய அட்டைதான் கடைசிவரைக்கும் சரி. பரிசோதிக்கப்படவில்லை. இனி ஒருவராலும் முடியாது. ஜப்பானில் அந்தத் தொழிற்சாலையில் இதே பம்பைக் கையில் தருவார்கள். ஓட்டிப் பார் என்பார்கள். எத்தனை நாள் வேண்டுமென்றாலும் ஓட்டுவேன்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. நாளைக்குக் கொழும்பு ரெயின்.

காலையில் பெட்டி கட்டினேன். அக்கா என் சட்டைகளை மடித்துத் தந்தாள். அத்தானின் கம்பளிப் போர்வையையும் கொண்டுவந்து வைத்தாள், மாசிப் பனிக்குக் கடலுக்குக் கொண்டுபோகிற போர்வை. "குளிருக்கு உதவும்." வேண்டாம் என்றேன். "இஞ்சை கிடந்து பூச்சி அரிக்கும், கொண்டு போ" என்றாள். பூச்சி அரிக்கும் என்றாள். அதுவரை அதை வாரம் ஒருதரம் வெயிலில் போட்டு எடுத்தவள்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு சோற்றுக் கோப்பை வைத்திருந்தாள். அத்தானுக்கு மூடிவைக்கிற கோப்பையைக் காணவில்லை. தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனபோதுதான் கதவைக் கண்டேன்.

புதுக் கரி. கீழ்க்கோட்டைத் தொடவில்லை. மரத்தைத் தொடவில்லை. மேற்கோட்டை மட்டும் இரண்டு பக்கமும் நீட்டியிருந்தாள், கீழ்க்கோட்டைவிட விரலளவு கூட. கை தவறவில்லை, நேர்கோடு. நான் எழுதியிருந்தாலும் அவ்வளவு நேராய் வந்திராது.

செம்போடு நின்றேன். அவள் பின்னால் வந்து நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது. இனி அது அவள் விருப்பம்.

"சரியாய் எழுதியிருக்கிறனோ?" என்றாள்.

"ஓம்" என்றேன். "சரி."

"அப்ப வா, சோறு ஆறுது."